திரைக்கு அந்தப் பக்கம்

இசைக்குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்த முதல் வருடத்திலேயே, ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவனையும் நடுவராகப் போட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வாசிப்பவர் யாரென்று தெரியாமலிருக்க, நடுவில் திரை கட்டியிருந்தார்கள். கடைசி ஆளும் வாசித்து முடித்தாயிற்று.

"மனசத் தொட்டுச்சே! என்ன சொல்றீங்க தம்பி?" என்றார் குழுத்தலைவர்.

"வேண்டாம் சார். வருஷக்கணக்கா செல்லோவத் தொடாத கை. திடீர்னு ஆசை வந்து கிளம்பிட்டாங்க போல" என்று சத்தமாகவே சிரித்தான்.

குரலைக் கேட்டதும் திரையை விலக்கிக்கொண்டு, செல்லோவும் கையுமாக வெளியே வந்தாள் அவன் மனைவி.



"என் வீட்டுக்காரர் சரியாத்தான் சொல்றார் சார்" என்றாள் தலைவரிடம். "ஒரே வீட்ல ரெண்டு செல்லோ சத்தம் எதுக்குன்னு, கல்யாணமான புதுசுலயே என்னோடதப் பரண்ல ஏத்துனவரே இவர்தான்."