மாட்டுக்குப் பச்சை

காத்தான்குடி பிரதான வீதியில் சிவப்பு விளக்கு எரிகிறது. வாவிக்கு இறங்கும் ஒழுங்கையில் மாடொன்று படுத்து அசைபோடுகிறது. விளக்குக் கம்பத்தில் பூட்டிய புதுக் கமெரா அதைக் காத்து நிற்கும் வாகனமென்று எண்ணி, திரும்பத் திரும்ப அந்த ஒழுங்கைக்கே பச்சை காட்டுகிறது. இங்கே பஸ்ஸும் லொறியும் நின்ற இடத்திலேயே உறுமிப் புகை கக்குகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவுக்குள், நிஸ்மியாவின் மடியில் மகளுக்கு மூச்சு இழுக்கிறது. புகை படாமல் முக்காட்டை விரித்துப் பிடிக்கிறாள். "எஞ்சினையாவது நிப்பாட்டுங்க தம்பி!" "நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வராது ராத்தா," என்ற ஓட்டோக்காரன் வெளியே தலையை நீட்டிக் கத்துகிறான். "ஆராவது அந்த மாட்டக் கலைங்களேன்!" மகளை இடுப்பில் இடுக்கியபடி அவள் இறங்குகிறாள். "மாட்டில என்ன பிழை?" அவள் கழற்றி எறிந்த செருப்பு பறந்து போய், கமெராவுக்குக் கீழே தொங்கும் 'புகை குறைக்கும் திட்டம்' என்ற பலகையில் படாரென்று அறைகிறது.