நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் யாரும் படிச்சிடாதீங்க!”

பாதிரியார் டென்சில் பிரசங்க மேடையை ஓங்கித் தட்டினார். முன்வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பெரியவர்கூட விழித்துக்கொண்டார்.

இது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் அந்த நாவலின் அட்டைப் படத்தைத் திட்டினார். அடுத்த வாரம் அதில் வரும் முத்தத்தை. இன்றைக்கு மந்திரத்தின் முறை.

“நம்ம ஊர் கெரென்சா எழுதியிருக்கா. கடல்ல மூழ்கிச் செத்த மீனவனோட ஆவியை ஒருத்தி காதலிக்கிறாளாம். அது போகட்டும். அதுல வர்ற மந்திரம் பூரா நிஜம்! கெரென்சா பௌர்ணமிக்குப் பௌர்ணமி குன்று மேல போய்ச் செய்யறாளே, அதே மந்திரம். அதை வெக்கமில்லாம ஜோரி தன் புத்தகக் கடை ஜன்னல்ல அடுக்கி வெச்சிருக்கான். அவ என்ன எழுதியிருக்கான்னு கேளுங்க!”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மின்னல் இல்லை, இடி இல்லை. சாகக் கிடக்கும் ஒருத்தியின் தலைமாட்டில், கெட்டதை அண்டவிடாது என்று நம்பப்படும் ரோவன் மரக் குச்சியைச் சிவப்பு நூலால் கட்டி வைக்கிறாள் கதாநாயகி. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் மந்திரம்.

பாதியிலேயே பாதிரியாருக்குக் குரல் அடைத்துவிட்டது. புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“பாவம், கோவத்துல பேச்சே வரலை மனுஷனுக்கு” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

மறுநாள் காலை கெரென்சா புயலாக ஜோரியின் புத்தகக் கடைக்குள் நுழைந்தாள்.

“நன்றி கெட்ட மனுஷன் அந்தப் பாதிரியார், ஜோரி அண்ணே! போன மாசி குளிர்ல அவர் சம்சாரம் நிமோனியாவுல கிடந்தாங்களே, பக்கத்துல ஒன்பது நாள் கண்ணு கொட்டாம உக்காந்திருந்தது யாரு? குச்சியும் நூலும் கட்டினது யாரு?”

“டாக்டர்தானே மருந்து கொடுத்தாரு?” என்று சீண்டினார் ஜோரி.

“கொடுத்தாரு. நான் இல்லைன்னு சொன்னேனா? ஆனா நேரம் தப்பாம அதைப் புகட்டினது நான். பயந்தப்ப கையைப் பிடிச்சுக்கிட்டது நான். எங்க மந்திரம்னா அதுதான். அந்தப் பக்கத்தையே மேடையில வெச்சுக் கிழிக்கிறாரே!”

“உக்காரு அம்மாடி. குங்குமப்பூ பன் இருக்கு, சாப்பிடு.”

“பன்னு ஒண்ணுதான் குறைச்சல்! அக்டோபருக்குள்ள முந்நூறு பிரதியும் தீரலைன்னா, ரெண்டாவது புத்தகம் கிடையாதுன்னு பதிப்பகத்துல கறாரா எழுதிட்டாங்க. பத்து வருஷமா ராப்பகலா எழுதினவ நான். இவர் இப்படித் திட்டினா எவன் வாங்குவான்?”

ஜோரி ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

அலமாரி காலி.

“எங்கே அண்ணே? பயந்து எடுத்துட்டீங்களா?”

“வித்துப்போச்சு. மூணு வாரமா வரவழைக்க வரவழைக்கத் தீருது. நேத்துச் சர்ச் விட்டதும், நேரா இங்கேதான் வந்தாங்க. பெஞ்சுல உக்காந்து நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படிச்சுட்டு மூக்கைச் சிந்தினவங்களும் உண்டு. பக்கத்து ஊர்க்காரங்க வேற. இன்னிக்குப் பதிப்பகத்துக்குப் போன் போட்டேன், அவங்ககிட்டயும் ஒண்ணுகூட இல்லையாம். ரெண்டாவது புத்தகத்துக்கு உன்னைக் கூப்பிடப் போறாங்க.”

கெரென்சா பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா வேணும் அவருக்கு! கெடுக்கப் பார்த்தாரு. கடைசியில நமக்கு நல்லதாப் போச்சு.”

ஜோரி பன்னைப் பிய்த்து அவளிடம் பாதியைக் கொடுத்தார்.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா நீ இப்படிப் பேசறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியலை. பதிப்பகம் போட்ட கெடுவைப் பத்திப் பாதிரியார்கிட்ட புலம்பினது நான்தான். மூணு வாரம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தாரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.”

“எதுக்கு?”

“‘அந்த ஒன்பது நாளுக்கு என்னால முடிஞ்சது இதுதான் ஜோரி. ஞாயித்துக்கிழமை அவ புத்தகத்தைத் திட்டப்போறேன், அதுக்குள்ள நாப்பது பிரதி வரவழைச்சு வை’ன்னாரு.”