எர்த் கம்பியடி

இரஞ்சிதமக்கா காய்ச்சலில் படுத்த நாளிலிருந்து பால் நிலையத்துக் கொம்பியூட்டர் செத்துச் செத்து விழத் தொடங்கியது. அன்று காலையும் பால் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி அப்படியே நின்றுவிட்டது.

வட்டக்கச்சிச் சனம் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தது. நிலையத்தைக் கூட்டித் துடைக்கிற அந்த மனுசி ஏதோ செய்து வைத்திருக்கிறா, அவா நின்றால் பெட்டி ஓடும், அவா இல்லையென்றால் சாகும் என்று பால் கொண்டுவந்தவர்கள் குசுகுசுத்தார்கள். கணக்குப் பதிகிற ராஜினி அதை நம்பவில்லை. ஆனாலும் தனியே இருக்கும்போது அந்த நீலத்தைப் பார்க்க அவளுக்கு முதுகு சில்லிட்டது.

பேய்ப்பயம் மட்டுமில்லை. திரை விழும்போது ஊற்றின பாலின் கணக்கும் சேர்ந்து போய்விடும். அவள் அமுக்கிவிட்டாள் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். இந்தத்தரம் திருத்தின பிறகும் விழுந்தால் கணக்கைக் கிளிநொச்சிக்கு எடுத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. எடுத்தால் ராஜினி வீட்டில் அடுப்பு எரியாது.

திருத்த வந்த இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு கதை கதைத்தார்கள். விழுந்தால் தானாகவே எழும்புகிற மாதிரிச் செய்துவிட்டுப் போவோம், மிஞ்சினால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவோம் என்றான் முன்ஸிர்.

“தானா எழும்பும், சரி. போன பால்கணக்கும் தானா எழும்பி வருமோ?” என்றான் சிவகரன்.

“நீ காரணம் கண்டுபிடிக்கிறதுக்கிடையில மாடெல்லாம் பால் வத்திப்போயிடுமடா.”

சிவகரன் காதில் போடாமல், பெட்டி விழுந்தபோதெல்லாம் உள்ளே பதிந்த தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கொம்பியூட்டரை உள்ளே இருந்து ஆட்டுவிக்கிற கேர்னல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை சொல்லிச் செத்திருந்தது. உள்ளே பழுதென்றால் அநேகமாக ஒரே இடத்தில்தான் விழும். இப்படிக் கண்டபடி விழுந்தால் பழுது வெளியிலிருந்து கரண்டோடு வருகிறது என்றான். பாலைக் குளிராக்குகிற பெரிய மோட்டார் கரண்டை இழுக்கும் நேரம் பார்த்துத்தான் திரை விழுகிறது என்பதையும் பிடித்துவிட்டான்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிற எர்த் கம்பி பின்சுவரோரம் நின்றது. அதைச் சுற்றி மண் வெடித்துக் காய்ந்திருந்தது. காய்ந்த மண் கரண்டை வாங்காது என்று சிவகரன் சொன்னபோதுதான் ராஜினிக்குப் பொறி தட்டியது. இரஞ்சிதமக்கா காலையில் வந்தால் விளக்குமாற்றைத் தொடமுதல் அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்.

அவர் படுத்தார், மண் காய்ந்தது, பெட்டி விழுந்தது. இவ்வளவுதானா என்று ராஜினி சிரித்தேவிட்டாள்.

முன்ஸிருக்கு அது போதும். மனுசி எழும்பி வரும்வரை நாங்களே ஊற்றுவோம் என்றான். கோடைக்குக் கோடை வாளியும் கையுமாக நிற்க ஏலாது, ஆழத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டுச் செப்புத் தகடு தாழ்த்தினால்தான் இது தீரும் என்று சிவகரன் பிடிவாதமாக நின்றான். ராஜினி சிவகரன் பக்கம் சாய்ந்தாள். அவளுக்கு வேண்டியது, இனி விழாது என்கிற உறுதி.

அலவாங்கால் குத்தித் தோண்டத் தொடங்கினார்கள். மற்றப் பக்கமெல்லாம் அந்த இரும்பு கல்லில் பட்டதுபோல் துள்ளியது. கம்பியடியில் மட்டும், மேல்மண் காய்ந்திருந்தும், எப்போதோ தோண்டி மூடின நிலம் மாதிரிச் சொல்லாமலே உள்ளே இறங்கியது. கரண்ட்காரர் லேசான இடம் பார்த்துத்தான் கம்பியை இங்கே அடித்திருக்கிறார்கள் என்றான் முன்ஸிர்.

சத்தம் கேட்டு இரஞ்சிதமக்கா போர்வையோடு ஓடிவந்தார். சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பி வந்த காலத்திலிருந்து வேலிக்கு அந்தப் பக்கத்தில்தான் கொட்டில் போட்டு இருக்கிறார். வந்தவர் அலவாங்குக்கு முன்னால் குந்திவிட்டார். இனி ஒருநாளும் தவறவிடமாட்டேன், காய்ச்சலென்றாலும் வந்து ஊற்றுவேன், தோண்ட மட்டும் வேண்டாம் என்று கையெடுத்தார்.

வேலை போய்விடும் என்று மனுசி பயப்படுகிறார் என ராஜினி நினைத்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன் பிள்ளைகளின் முகமும் வந்து நின்றது.

“எழும்புங்கோ அக்கா. இதைச் செய்யாட்டி எனக்கு வேலையில்லை. இனிமேல் கம்பிக்குத் தண்ணி ஊத்த ஆள் தேவையில்லை.”

இரஞ்சிதமக்கா அந்தக் கம்பியை அன்றைக்குத்தான் காண்பவர்போல் பார்த்தார். பிறகு அலவாங்கு இறங்கின துளையை உள்ளங்கையால் பொத்தினார்.

“கம்பிக்கோ? தண்ணி தண்ணியெண்டு கேட்டுச் செத்த என்ர பெடியனெல்லோ பிள்ளை, இதுக்கை கிடக்கிறான்.”