கத்திரிக்காயில் தேறியவன்

அவரவர் விளைவித்த காயை மட்டுமே சாப்பிடலாம் என்று சட்டம் வந்தால், இன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

பெரம்பூர் ரெஜினா வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. ஒரு காயை விளைவித்து ஒருவர் தேறினால், அந்தக் காயை அந்த வீடே சாப்பிடலாம். மொட்டைமாடித் தோட்ட வகுப்பில் கத்திரிக்காயில் தேறியவன் அவள் கணவன் அல்போன்ஸ். ரெஜினா பாகற்காயில் மட்டும்தான் தேறியிருந்தாள். அதை அவன் ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லிக் காட்டுவான்.

ஒருநாள் அவள் பொறுக்காமல் எதிர்த்துப் பேச, பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"நான் போனா கத்திரிக்காயும் போயிடும். நாக்கு செத்துப்போய் நீயே கூப்பிடுவே, பாரு."

"போய்யா! இத்தனை வருஷம் உன்னையே சகிச்சுக்கிட்டேன், பாகற்காயா கசக்கப் போவுது?"

மறுநாள் காலை ரெஜினா மொட்டைமாடிக்குப் போய்க் கத்திரி விதை போட்டாள்.