மேடையில் இல்லாத குரல்

மின்விசிறியை நிறுத்தியது யார்?

டீ டம்ளர்களோடு அடுப்படியிலிருந்து வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். மே மாதத்துத் திண்டுக்கல். கூடத்தில் மூன்று ஆண்கள் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் தங்கச்சி. ஒரே குளுரு" என்றான் மணவாளன்.

நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை அவன் மீசையில் வந்து நின்றது.

அவள் ஆளுக்கொரு டம்ளராக எடுத்துக் கொடுத்தாள்.

நாளைக் காலை அவள் கணவன் சவரிமுத்துவுக்கு அறுவை சிகிச்சை. தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஊர் ஊராக மெல்லிசை மேடையில் பாடிய தொண்டை.

பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் குழுவின் நண்பர்கள். தபலா காஜா மைதீன். சவுண்டு சிஸ்டம் மணவாளன். பழைய கதை பேசுகிறார்கள்.

பேசட்டும்.

ஆனால் டீப்பாயின் மேல் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. துண்டின் மேல் மணவாளனின் செல்போன். கவிழ்ந்து கிடந்தது.

செல்போனுக்கு எதற்கு மெத்தை?

ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

"ஒட்டன்சத்திரம் கச்சேரி ஞாபகம் இருக்கா மாப்ள?" காஜா ஆரம்பித்தான். "பாடுற பொண்ணு வரல. டூயட்டுல ரெண்டு குரலையும் இவனே பாடுறான். கமிட்டித் தலைவர் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மேடை ஏறிட்டாரு. எங்கய்யா பொண்ணுங்கிறாரு. அப்ப நீ என்ன சொன்ன?"

நிறுத்திவிட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது.

இந்தக் கதையை அவள் காஜா வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கடைசி வரியை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. குறுக்கே யாராவது சொல்லிவிட்டால் கோபித்துக்கொண்டு டீ கூடக் குடிக்க மாட்டான்.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க தலைவரே, பொம்பளதான் தெரியும்னேன்" என்றான் சவரிமுத்து. குரல் கரகரத்தது. சிரித்தான்.

"டாக்டர் ரொம்பப் பேச வேண்டாம்னு..." என்று அவள் வாயெடுத்தாள்.

மணவாளனின் முகம் சுளித்தது. ஒரு கணம்தான். அவள் பார்த்துவிட்டாள்.

போன மாதம் டிரம்ஸ் லாரன்ஸ் இறந்தார். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் எல்லோருடைய போனுக்கும் அஞ்சலி வீடியோ வந்துவிட்டது. மெழுகுவத்தி, ரோஜாப்பூ, லாரன்ஸ் சிரிக்கிற சத்தம்.

தயாரிப்பு, மணவாளன்.

அத்தனை சீக்கிரம் எப்படி முடிந்தது என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவரை உயிரோடு வைத்துக்கொண்டே!

பின்னாலேயே யாரோ வந்தார்கள்.

மணவாளன். அவளைத் தாண்டிப் போனான். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். முனகிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் அடங்கியது.

"மனுசன் இன்னும் சாகலண்ணே" என்றாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. "உக்காந்து பேசிச் சிரிச்சிட்டிருக்காரு. அதுக்குள்ள அஞ்சலியா?"

பிளக் அவன் கையிலிருந்து நழுவியது.

"இது அது இல்ல தங்கச்சி." கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆபரேசனுக்கப்புறம் அவன் போன்ல எழுதுனா போன் பேசும். எவனோ ஒருத்தன் குரல்ல பேசும். அதையே இவன் குரல்ல பேச வைக்கலாமாம். கோயமுத்தூர்ல ஒரு தம்பி செஞ்சு தர்றேன்னுருக்கான். அதுக்கு இவன் பேச்சு வேணும்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னாக் கெட்டுச்சு. ரெக்கார்டிங்னு தெரிஞ்சா 'ரசிகப் பெருமக்களே'ன்னு மேடைக் குரலுக்குப் போயிருவான். அது என்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கு. வீட்டுல பேசுற குரல் ஒரு கேசட்டுல கூட இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். லாரன்ஸின் வீட்டிலும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பானோ?

பொய்யாக இருக்கலாம்.

பொய்யாகவே இருக்கட்டும். நாளைச் சாயங்காலம் அந்தக் குரல் வேறு எங்கே இருக்கப் போகிறது?

"என்னென்ன கெடச்சுது?"

"சிரிப்பு வந்துருச்சு. கிண்டல் வந்துருச்சு. கோவம்தான் வரல. எங்ககிட்ட அவனுக்கு அது வரவே வராது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கூடத்துக்குப் போனாள். டீப்பாய்க்கு இந்தப் பக்கம், கணவனுக்கு நேராக நின்றாள்.

"உங்கக்காவ நாளைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

சொல்லவில்லை. காலையில் அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொன்னதே அவள்தான்.

சவரிமுத்துவின் முகம் மாறியது.

"ஜெசிந்தா!"

காஜா பதறி எழுந்தான். பின்னாலேயே வந்த மணவாளன் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"யாரக் கேட்டுடி சொன்ன? என்னய வளத்தவடி அவ! அவ மூஞ்சியப் பாக்காம நான் கத்திக்குக் கழுத்தக் குடுக்கணுமா? ஒனக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒரு வாக்கியம்கூட முழுதாகத் திட்ட விட்டதில்லை அவள். பாதியிலேயே பாய்ந்துவிடுவாள்.

இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் மூச்சு வாங்க நிறுத்தினான்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.