சாப்பிடவில்லை

திரையில் ஒரு கடுகு தெரிந்தது.

இரைப்பையின் உட்சுவர் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. கூடவே முழுசாக ஒரு கறிவேப்பிலை. மென்றுகூட விழுங்கவில்லை மனிதர்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரவேற்பில் கேட்டார்கள். நர்ஸ் எஸ்தர் கேட்டாள். கடைசியாக அவளும் கேட்டாள். "சாப்பிடல" என்று மூன்று முறையும் அடித்துச் சொன்னார். அதை நம்பித்தான் மயக்க ஊசி போட்டாள். எண்டோஸ்கோப்பி குழாயைத் தொண்டைக்குள் இறக்கினாள்.

உருவி எடுப்பதற்குள் அவர் குமட்டினார்.

வந்ததில் பாதி வாய்க்கு வரவில்லை. மூச்சுக்குழாய்க்குள் போயிற்று.

உதடு நீலம் பாய்ந்தது. ஆக்ஸிஜன் அளவு சரசரவென்று இறங்கியது.

"தலையத் தாழ்த்துங்க! சக்‌ஷன்!"

உறிஞ்சும் குழாயை இட்லித் துணுக்கு அடைத்துக்கொண்டது. உதறினாள். போகவில்லை. எஸ்தர் வேறொன்றை மாட்டினாள். அதுவும் அடைத்தது. இதுவுமா, இந்த நேரத்திலா?

பெரிய குழாய் வந்து சேரும்வரை அந்த நீல முகத்தை வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தாள். செத்துத் தொலைக்காதேய்யா என்பதும் அந்தத் திட்டில்தான் இருந்தது.

ஒருவழியாகத் தொண்டை தெரிந்தது. மூச்சுக்குழாய்க்குள் டியூபை இறக்கிக் காற்றுப் பையை அழுத்தினாள். மார்பு ஏறியது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

பிழைத்துவிடுவார். அநேகமாக.

அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே வந்தாள். அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார்.

"சாப்பிடலன்னு ஏம்மா பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல டாக்டர். சத்தியமா சாப்பிடல. காலைல நாலு இட்லி, டிபன்தான்."

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்.

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி தாண்டியிருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. இன்னும் சாப்பிடல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

காலையில் மூன்று தோசை தின்றுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.