மன்னிப்பு எந்தப் பூ?

கர்ப்பப்பையை எடுத்த அன்று மருத்துவமனைப் பக்கமே எட்டிப் பார்க்காத கணவன் சேதுராமன், இந்துமதி வீடு திரும்பிய மாலையில் கை கொள்ளாத பூங்கொத்தோடு வந்து நின்றான். தலையில் வைக்கவும் முடியாத, சாமிக்குப் போடவும் முடியாத பூக்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இப்படித்தான். வீட்டில் ஜாடிகள்தான் பெருகியிருந்தன.

"ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தம் இருக்காம் இந்து. நான் சொல்ல வேண்டியது எல்லாமே இதுல இருக்கு."

"வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"அதான் பூவே சொல்லுதே."

தையல் போட்ட இடம் சுரீரென்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சரி, இதுல மன்னிப்பு எது?"

அவன் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மஞ்சள் ரோஜாவைத் தொட்டான், விட்டான். வெள்ளையாக இருந்த எதையோ பாதி உருவி மறுபடி செருகினான். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான்.

"அண்ணே, மத்தியானம் பொக்கே வாங்கினேனே... மன்னிப்புக்கு எந்தப் பூ வச்சீங்க?"

கட்டிலில் சாய்ந்திருந்த இந்துமதி கண்களை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்து இன்றுதான் கேட்கிறாள். அதையும் அவன் பூக்கடைக்காரரிடம்தான் சொன்னான்.